நோபல் எழுதி வைத்த உயில்

உயில் என்ற பேச்சை எடுத்தாலே நம் வீடுகளில் அமங்கலம் என்று ஒதுக்கிவிடுகிறோம். துணிந்து எழுதுபவர்களும் தர்மத்துக்கு ஒதுக்கும் பங்கை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி பிற்பாடு என்ன பாடு படும் என்பதற்கு, ஆல்ஃபிரட் நோபலின் வாழ்க்கையை விடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

நோபல் 1833 அக்டோபர் 21 அன்று ஸ்டாக்ஹோமில் பிறந்தார். வியாபாரத்தில் நொடித்துப் போன தகப்பனார் பிழைப்புத் தேடி ரஷ்யா சென்றார். பின்னர் குடும்பமும் அங்கே குடியேறியது. ஆல்ஃபிரட் கல்லூரிப் பட்டம் எதுவும் பெறவில்லை. வீட்டிலேயே ஆசிரியர்களிடம் பயின்று, 17 வயதுக்குள் ஐந்து பாஷைகளில் தேர்ச்சி பெற்றார். ரசாயனத்தில் அவருக்குத் தனி ஈடுபாடு. நைட்ரோகிளிசரின் என்ற திரவம் சிறு அதிர்வுக்கும் வெடிக்கக்கூடியது. 1864-ல் அவருடைய தொழிற்கூடத்தில் நடந்த விபத்தில் தம்பி எமில் உட்படச் சிலர் மாண்டனர். அந்தத் திரவத்தை நுண்துளைகள் கொண்ட ஒருவகை மண்ணில் ஊறவைத்தால் பத்திரமாகக் கையாளலாம் என்று கண்டுபிடித்து, 1867-ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெற்ற காப்புரிமைகள் மொத்தம் 355. செல்வம் குவிந்தது. ஆனால் அவர் விவாகம் செய்துகொள்ளவில்லை. நெருங்கிய வாரிசுகள் அண்ணன்மாரின் பிள்ளைகளே.

1895 நவம்பர் 27 அன்று பாரிஸில் நான்கு சாட்சிகள் முன்னிலையில் தம் கடைசி உயிலில் கையெழுத்திட்டார். உறவினருக்கும் வேலையாட்களுக்கும் சில தொகைகள் போக, மீதி அனைத்தையும் முதலீடு செய்து, அதன் வருமானத்தை மனித குலத்துக்கு நன்மை செய்தவர்களுக்குப் பரிசாகத் தரவேண்டும் என்பது ஏற்பாடு. அடுத்த ஆண்டு டிசம்பர் 10 அன்று இத்தாலியின் சான் ரெமோ நகரில் காலமானார். உறவினர் யாரும் அருகில் இல்லை. பரிசுக்கென நின்ற சொத்து சுமார் 310 லட்சம் ஸ்வீடிஷ் குரோனர்.

உத்தியோகத்தில் கோப்புகள் பார்த்துப் பழகிய கண்ணோடு அந்த உயிலைப் பார்த்தால் குறைகள் பளிச்செனத் தெரிகின்றன. வக்கீல் யாரையும் கலக்காமல் அவரே எழுதியது. பணத்தைப் பெற்றுக்கொள்ள எந்த ஸ்தாபனமும் அப்போது இல்லை. பரிசுக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஸ்வீடன் விஞ்ஞானக் கழகம் முதலான சபைகளிடம் முன்கூட்டிச் சம்மதம் கேட்கவில்லை. பல நாடுகளில் வீடும் தொழிலும் இருந்ததால், எந்த நாட்டுக் கோர்ட்டுக்கு அதிகாரம் என்பதே வழக்காயிற்று. உறவினர் சிலர் உயிலை எதிர்த்தனர். பணம் அன்னியருக்கும் போகிறதே என்று ஸ்வீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கருக்கும் அதிருப்தி.

அந்த உயிலைக் காப்பாற்றியவர்கள் முக்கியமாக இருவர். ஒருவர் ராக்னர் சோல்மன், நோபலின் உதவியாளர். உயிலை நிறைவேற்ற நோபல் நியமித்த இருவரில் ஒருவர், வயது 26. பாரிஸ் வங்கியில் இருந்த பங்குப் பத்திரங்களைப் பெட்டிகளில் கட்டி, மடியில் கைத்துப்பாக்கியுடன் குதிரை வண்டியில் காவலிருந்து ரயிலுக்குக் கொண்டுபோய், நாட்டுக்கு வெளியே அனுப்பி வைத்தார். மற்றவர் அண்ணன் மகன் இம்மானுவேல் நோபல். ரஷ்யாவில் குடும்பத்தின் எண்ணெய்த் தொழிலை நடத்தி வந்தவர். சிற்றப்பாவின் பங்குகளை விற்க நேர்ந்தால் அத்தொழிலே ஆட்டம் காணும். மன்னரே நேரில் அழைத்து எடுத்துச் சொல்லியும் அவர் அசையவில்லை. சிற்றப்பாவின் விருப்பமே நிறைவேற வேண்டும் என்று நின்றார். 1898-ல் மற்ற உறவினர்களும் சமரசத்துக்கு வந்தனர். 1900-ல் நோபல் அறக்கட்டளையின் விதிகளுக்கு அரசு ஒப்புதல் கிடைத்து, 1901-ல் முதல் பரிசுகள் வழங்கப்பட்டன.

பிற்காலத்தில் நம்மவர்களான சர் சி.வி. ராமன் 1930-லும், சந்திரசேகர் 1983-லும், வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-லும் பெற்ற பரிசு இதுவே. இம்மானுவேல் மட்டும் வேறுவிதமாக முடிவெடுத்திருந்தால் அந்த மேடையே இல்லாமல் போயிருக்கலாம்.

நம் சொத்து நோபலின் சொத்தில் ஒரு தூசு. ஆயினும் வேத பாடசாலைக்கோ, ஏழை மாணவரின் படிப்புக்கோ, முதியோர் இல்லத்துக்கோ எழுதும் ஒரு லட்சத்துக்கும் அதே கவனம் தேவை. ஸ்தாபனத்தின் பதிவுப் பெயரையும் விலாசத்தையும் சரியாக எழுதுங்கள். அவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். அலைய உடலில் தெம்புள்ள, நாணயமான ஒருவரை நிறைவேற்றும் பொறுப்பில் நியமியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளையும் பெண்களையும் உட்காரவைத்து, இன்ன தொகையை இன்ன தர்மத்துக்கு வைத்திருக்கிறேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். நோபலுக்கு ஓர் இம்மானுவேல் தானாக அமைந்தார். நாம் நம் குழந்தைகளை அப்படி ஆக்கிவிட்டுப் போகலாம்.