மார்க் ட்வெய்ன் அடைத்த கடன்

வேலிக்கு வெள்ளையடிக்கும் வேலையைக் கூட்டாளிகளின் தலையில் கட்டிவிட்டு, அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்ட டொம் சோயரைப் பலருக்கும் தெரியும். அந்தக் கதையை எழுதிய மார்க் ட்வெய்ன் பங்குகளிலும் புதுக் கண்டுபிடிப்புகளிலும் பணத்தைப் போட்டு வங்குரோத்தானவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அவரது இயற்பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். 1835 இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பிறந்தார். தந்தை டென்னசியில் பெருமளவு காணி வாங்கி வைத்திருந்தார். என்றோ ஒருநாள் அது நம்மைப் பணக்காரர் ஆக்கும் என்று குடும்பமே காத்திருந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. 1847 இல் தந்தை இறந்தார். மகன் அச்சகத்தில் வேலை பழகி, மிசிசிப்பி ஆற்றில் கப்பலோட்டி, பிறகு நெவாடாவுக்குப் போய் வெள்ளிச் சுரங்கப் பங்குகளை வாங்கினார். விலை ஏறியபோது விற்கவில்லை; இறங்கியபோது கையில் காகிதம்தான் மிஞ்சியது. இந்த ஆசை தகப்பனிடமிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எழுத்து அவருக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தது. அந்தப் பணம் பேஜ் என்பவரின் எழுத்துக் கோக்கும் இயந்திரத்துக்குள் போனது. சுமார் 18,000 உதிரிப் பாகங்கள் கொண்டது அது. ஓடினால் அற்புதமாக ஓடும், ஆனால் அடிக்கடி நின்றுவிடும். சிறுவயதிலேயே எழுத்துக் கோத்துப் பழகியவர் என்பதால், இதன் பெறுமதி தனக்குத்தான் தெரியும் என்று அவர் நம்பினார். தெரிந்த தொழில் என்ற நினைப்புத்தான் ஆளை அதிகம் ஏமாற்றுகிறது. 1880 முதல் 1894 வரை சுமார் 3 இலட்சம் டொலர் கரைந்தது. அதற்குள் லைனோடைப் சந்தையைப் பிடித்துவிட்டது. இத்தனைக்கும், தொலைபேசி வந்த புதிதில் அதன் பங்குகளை வாங்கச் சொன்னபோது மறுத்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

1884 இல் சொந்தமாகப் பதிப்பகமும் தொடங்கினார். ஜனாதிபதி கிராண்டின் நினைவுக் குறிப்புகள் பெரும் இலாபம் தந்தன. அடுத்தடுத்த நூல்கள் விழுந்தன. 1893 இல் அமெரிக்காவில் நிதி நெருக்கடி வந்தது. 1894 ஏப்ரலில் பதிப்பகம் முறிந்தது. கடன் ஏறத்தாழ 1 இலட்சம் டொலர்.

ஸ்டாண்டர்ட் ஒயில் கம்பனியின் ஹென்றி ரொஜர்ஸ் உதவிக்கு வந்தார். நூல்களின் பதிப்புரிமை மனைவி ஒலிவியாவின் பெயருக்கு மாற்றப்பட்டது. அவரும் ஒரு கடன்காரர் என்பதால் சட்டப்படி அது சரி. ஆனாலும், நம் ஊரில் சொத்தை மனைவி பெயரில் எழுதிவிட்டுக் கைவிரிப்பவர்களைப் பார்த்த கண்ணுக்கு அது உறுத்தத்தான் செய்கிறது. வேறுபாடு அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. டொலருக்கு இத்தனை சதம் என்று கொடுத்துக் கணக்கை முடிக்க வழி இருந்தது. முழுவதையும் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒலிவியா நின்றார், ரொஜர்ஸும் அதையே சொன்னார். ட்வெய்ன் இணங்கினார். பேஜையும், பதிப்பகத்தை நடத்திய வெப்ஸ்டரையும் அவர் கடைசிவரை திட்டித் தீர்த்தார். அதில் நியாயம் குறைவு. பணத்தைப் போட்டது அவர்தானே. ஆனால் கடனை மட்டும் அவர்கள் கணக்கில் எழுதவில்லை.

1895 ஜூலையில், 59 வயதில், காலில் கட்டியோடு, காசுக்கு மேடையேறிப் பேசப் புறப்பட்டார். மேடைப் பேச்சு அவருக்கு வெறுத்துப்போன தொழில். வட அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்று போய் 1896 ஜனவரியில் கொழும்பில் இறங்கினார். பிரிஸ்டல் ஹோட்டலில் தங்கி, தெருவில் போகும் மக்களின் உடை நிறங்களைப் பார்த்து வியந்தார். பிறகு இந்தியா, தென்னாபிரிக்கா. ஒலிவியாவும் மகள் கிளாராவும் கூடவே வந்தார்கள். மூத்த மகள் சூசியும் இளையவள் ஜீனும் அமெரிக்காவில் தங்கினார்கள்.

பயணம் முடிந்து ட்வெய்ன் இங்கிலாந்தில் இருந்தபோது, 1896 ஆகஸ்டில், மூளைக் காய்ச்சலால் சூசி இறந்தார். வயது 24. தந்தையால் ஜனாஸாவுக்குக்கூடப் போய்ச் சேர முடியவில்லை. அந்தத் துக்கத்தோடு உட்கார்ந்து பயண நூலை எழுதி முடித்தார். 1897 இல் அது வெளிவந்தது. 1898 இன் தொடக்கத்தில் கடைசிக் கடன்காரருக்கும் முழுப் பணம் போய்ச் சேர்ந்தது.

ஆசை மட்டும் அடங்கவில்லை. சில வருடங்களில், பாலிலிருந்து செய்யப்படும் பிளாஸ்மொன் என்ற சத்துமா கம்பனியில் பங்கு வாங்கினார். அதிலும் நட்டம். 1910 ஏப்ரலில் அவர் இறந்தார்.