மதுரை ஜங்ஷன் எதிரே இருக்கும் சத்திரம்: யார் இந்த ராணி மங்கம்மாள்?

மதுரை ஜங்ஷனை விட்டு வெளியே வந்ததும் எதிரிலேயே மங்கம்மாள் சத்திரம். தினமும் ஆயிரக்கணக்கானவங்க கடந்து போறாங்க. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரி யார்?

மதுரை நாயக்க மன்னர் சொக்கநாதரின் மனைவி. 1682-ல் கணவர் இறந்தார். அடுத்து அரியணை ஏறிய மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பரை 1689-ல் பெரியம்மை கொண்டுபோனது. பேரன் பிறந்த கையோடு மருமகளும் இறந்துபோனார். அந்தக் கைக்குழந்தையின் சார்பில் 1706 வரை நாட்டை நடத்தியவர்தான் மங்கம்மாள்.

சத்திரம் எதுக்கு?

அன்னைக்குப் பயணம் என்றால் பெரும்பாலும் நடைதான். ராமேஸ்வரத்துக்கோ கன்னியாகுமரிக்கோ போகிறவருக்கு வழியில் ஓட்டல் கிடையாது. கையில் காசு இல்லாதவர் பாடு இன்னும் மோசம். மங்கம்மாள் சாலைகளைச் சீராக்கினார்; இருபுறமும் மரம் நட்டார்; கிணறு, தண்ணீர்ப்பந்தல், சத்திரம் அமைத்தார். தென்மாவட்டங்களில் சில பழைய சாலைகளை மக்கள் இன்னும் மங்கம்மாள் சாலை என்றுதான் சொல்றாங்க.

யார் பணம்?

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட தர்மங்களுக்கு நிலத்தை மானியமாக எழுதிவைப்பது வழக்கம். நிலம் விளையும் வரை அடுப்பு எரியும். கொடுத்தவர் போன பிறகும் சோறு நிற்காது. வாங்குகிறவரும் யார் முன்னாலும் கை கட்டி நிற்கத் தேவையில்லை. பிச்சைக்கும் அறத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆனா, கஜானா தர்மத்துக்கு மட்டும் செலவாகவில்லை. திருவிதாங்கூர், தஞ்சாவூர், ராமநாதபுரம் என்று போர்களும் நடந்தன. அதற்கான வரியைக் கட்டியதும் இதே குடிமக்கள்தான்.

ஏன் இவ்வளவு தர்மம்?

ஒருநாள் மறதியாக இடது கையால் வெற்றிலை போட்டுக்கொண்டாராம். அந்தத் தோஷம் தீரத்தான் தர்மத்தில் இறங்கினார் என்பது ஊர்க்கதை. காரணம் எதுவானாலும், தாகத்தோடு வந்தவருக்குத் தண்ணீர் கிடைத்தது.

கடைசியில் என்ன ஆச்சு?

பேரன் வளர்ந்ததும் பாட்டியைச் சிறையில் அடைத்தார்கள், சாப்பாட்டைக் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துப் பட்டினி போட்டார்கள் என்று ஒரு கதை மதுரையில் தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. அப்படியே நடந்ததா என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனா ஊருக்கே சோறு போட்டவர் பசியில் செத்தார் என்பதை மதுரைக்காரங்களால் இன்னைக்கும் சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை.

அடுத்த முறை ரயிலை விட்டு இறங்கும்போது, ஆட்டோ பிடிக்கும் முன்னாடி அந்தக் கட்டடத்தை ஒரு நிமிஷம் நிமிர்ந்து பாருங்க.