கண்ணொளி காத்த கரங்கள்

நுழையும்முன்

நோய் தீர்க்கும் இடமே நோய் பரப்பும் இடமாகிவிடக் கூடாது என்பது மருத்துவத்தின் முதல் அறம். ஒருநாள் அறுவை முடித்து அன்றே வீடு திரும்பும் நோயாளிக்கும் இவ்வறம் பொருந்தும். பெருந்தொற்று சூழ்ந்த காலத்தில் இதன் பொருள் மேலும் ஆழமாகிறது. மதுரை மண்ணில் பல்லாயிரம் ஏழை மக்களின் கண்களுக்கு ஒளி தந்த ஒரு மருத்துவரின் வாழ்க்கை, இவ்வறத்தை நமக்குக் கற்பிக்கிறது.

கரிசல் மண்ணின் மகன்

எட்டயபுரம் அருகே அயன்வடமலாபுரம் என்னும் சிற்றூரில், 1918ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், வேளாண்குடியில் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. அவர் பிறந்த ஆண்டு, உலக வரலாற்றில் துயரம் தோய்ந்த ஆண்டு. முதல் உலகப் போரின் இறுதியில் எழுந்த நச்சுக் காய்ச்சல் கண்டங்களைக் கடந்து பரவி, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. பெருந்தொற்றின் நிழலில் கண் திறந்த அக்குழந்தை, பின்னாளில் மற்றவர்களின் கண்களைத் திறக்கும் மருத்துவராக வளர்ந்தது.

கரிசல் காட்டுச் சிற்றூர்களில் அந்நாளில் மருத்துவ வசதி அரிது. ஆற்று மணலைப் பரப்பி எழுத்துப் பழகிய சிறுவன் வெங்கடசாமி, உறவுப் பெண்கள் சிலர் மகப்பேற்றின்போது உயிர் இழந்ததைக் கண்டு கலங்கினான். மகப்பேற்று மரணங்களுக்குத் தூய்மையற்ற கைகளின் வழியே பரவும் கிருமித்தொற்றும் முதன்மையான காரணமாக இருந்த காலம் அது. வியன்னா நகர மருத்துவர் இக்னாசு செம்மல்வைசு, மருத்துவர்கள் கைகழுவுவதால் தாய்மார்களின் உயிரைக் காக்க முடியும் என்பதை 1847ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தார். எனினும் அவ்வுண்மை உலகின் சிற்றூர்களை எட்ட நெடுங்காலம் ஆயிற்று. மருத்துவராகி மகப்பேற்றுத் துறையில் பணிபுரிய வேண்டும் என்ற எண்ணம் சிறுவனின் உள்ளத்தில் வேரூன்றியது.

முடங்கிய விரல்கள், முடங்காத உள்ளம்

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்ற வெங்கடசாமி, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் அவர் வாழ்வின் பெருஞ்சோதனை நேர்ந்தது. கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. மூட்டுகள் வீங்கின, விரல்கள் கோணித் திருகின. நீண்ட காலம் படுக்கையில் கிடந்த அவர், 1948ஆம் ஆண்டு இராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். பேனாவைப் பிடிப்பதே அரிதாகிய நிலையில், மகப்பேற்று மருத்துவக் கனவு கைநழுவிப் போயிற்று.

ஆயினும் அவர் துவண்டு விடவில்லை. கண் மருத்துவத்தைத் தேர்ந்து, 1951இல் பட்டயமும் பின்னர் முதுகலைப் பட்டமும் பெற்றார். கண் அறுவை நுட்பத்திலும் நுட்பமான பணி. நடுங்காத விரல் அதற்கு வேண்டும். அவரோ, திருகிய தம் விரல்களுக்கு ஏற்பக் கருவிகளைப் பிடிக்கும் முறையை இடைவிடாப் பயிற்சியால் தாமே வகுத்துக்கொண்டார். அவ்விரல்களே தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்து முடித்தன.

ஊர்தோறும் கண் முகாம்

1956ஆம் ஆண்டு மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், இன்று அரசு இராசாசி மருத்துவமனை என வழங்கும் எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் அறுவை மருத்துவராகவும் அவர் பொறுப்பேற்றார். வைகைக் கரைச் சமவெளியின் சிற்றூர்களில் கண்புரையால் பார்வை இழந்தோர் ஏராளம். முதுமையின் இயல்பு என்று கருதித் திண்ணையிலேயே காலம் கழித்தனர் அவர்கள். சிலர்க்கு மருத்துவமனை என்றாலே அச்சம். பலர்க்குப் பேருந்துக் கட்டணமே பெருஞ்சுமை. நோயாளி மருத்துவரைத் தேடி வராதபோது, மருத்துவரே நோயாளியைத் தேடிச் செல்வது கடமை எனக் கருதினார் வெங்கடசாமி. அறுபதுகளில் அவர் தொடங்கிய கண் முகாம்கள் ஊர்தோறும் பரவின. அத்தொண்டினைப் போற்றி இந்திய அரசு 1973ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அக்கால முகாம்களில் பள்ளிக் கட்டடங்களும் பொது மண்டபங்களும் தற்காலிக அறுவைக்கூடங்களாயின. ஒரே நாளில் பலர்க்கு ஒளி கிடைத்தது உண்மை. ஆனால் அங்கே ஓர் இடர் மறைந்திருந்தது. கண்ணுக்குள் நுழையும் கிருமி சில நாள்களிலேயே உள்விழி அழற்சியை உண்டாக்கிப் பார்வையை முற்றிலும் பறிக்க வல்லது. பலர்க்குப் பொதுவாகப் பயன்படும் ஒரு கருவியோ ஒரு மருந்துப் புட்டியோ மாசுபட்டால், ஒருவர்க்கு நேரும் கேடு ஒரே நாளில் பலர்க்கும் நேரும். கண்புரை பறித்த பார்வையை மருத்துவம் மீட்கும். கிருமி பறித்த பார்வையைப் பெரும்பாலும் மீட்க இயலாது. முகாமில் ஒருவர் கண்ணிழந்து ஊர் திரும்பினால், அவ்வூரில் எஞ்சியோர் பின்னர் மருத்துவரை நம்பி வாரார்.

எனவே முகாம்களின் இயல்பு காலப்போக்கில் மாறியது. ஊரில் பரிசோதனை மட்டும் நடைபெறும். அறுவை தேவைப்படுவோரைப் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, உணவும் இடமும் தந்து, தூய அறுவைக்கூடத்தில் அறுவை செய்து, மீண்டும் ஊரிலேயே கொண்டுவந்து சேர்க்கும் முறை நிலைபெற்றது. அருகிருந்தே அறுவை செய்வதினும் பாதுகாப்பாக அறுவை செய்வதே உண்மையான தொண்டு என்னும் தெளிவு இம்மாற்றத்தில் அடங்கியுள்ளது.

பதினொரு படுக்கைகள்

1976ஆம் ஆண்டு, 58ஆம் அகவையில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார் வெங்கடசாமி. ஓய்வு என்பது அவருக்குப் பணிமாற்றமே. மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில், பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தம் வீட்டை அடகு வைத்தார். உடன்பிறந்தோரும் அவர்தம் குடும்பத்தினரும் தோள் கொடுத்தனர். கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டு, செலுத்த இயலாதோர்க்கு இலவச மருத்துவம் அளிப்பது அதன் அடிப்படை. இருவர்க்கும் அறுவையின் தரம் ஒன்றே.

பெருந்திரளாக வரும் நோயாளிகளுக்கு விரைந்து அறுவை செய்ய அங்கே ஒரு முறை உருவானது. அறுவைக்கூடத்தில் இரு மேசைகள் அருகருகே இருக்கும். ஒன்றில் மருத்துவர் அறுவை செய்யும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். சிற்றூர்களிலிருந்து தேர்ந்து பயிற்றுவிக்கப்பட்ட இளம்பெண்கள் கருவிகளைத் தூய்மைப்படுத்துதல், கண்ணை ஆயத்தம் செய்தல் முதலிய பணிகளை ஒழுங்குபடச் செய்தனர். விரைவு பிழைக்கு இடமளிக்கும் என்பது உலகியல். ஒவ்வொரு செயலுக்கும் ஒருவர், ஒவ்வொருவர்க்கும் ஓர் ஒழுங்கு என்று வகுத்ததால், அங்கே விரைவும் தூய்மையும் ஒருங்கே நடந்தன.

1992ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரோலேப் நிறுவனம், கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லைகளைக் குறைந்த விலையில் உருவாக்கியது. முன்னர் அறுவைக்குப் பின் தலை அசையாமல் பல நாள் படுத்திருந்த நிலை மாறியது. சிறு கீறலின் வழியே வில்லை பொருத்தப்பெற்று, நோயாளி விரைவில் வீடு திரும்பும் காலம் வந்தது. மருத்துவமனையில் தங்கும் காலம் குறைந்தபோது, கண்ணைக் காக்கும் பொறுப்பில் ஒரு பங்கு நோயாளியின் வீட்டிற்கு இடம்பெயர்ந்தது.

தெரிந்து தெளிவோம்

கண்புரை அறுவைக்கு முன்: இரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் சோதிக்கப்படும். கண்ணீர்ப்பையில் தொற்று உள்ளதா எனப் பார்க்கப்படும். முகத்தைக் கழுவித் தூய ஆடை அணிதல் வேண்டும். அறுவைக்குச் சற்று முன் அயோடின் கலந்த கரைசல் கண்ணில் இடப்பெறும்.

அறுவைக்குப் பின்: கண்ணைக் கசக்குதல், கண்ணில் தண்ணீர் படவிடுதல் கூடாது. கை கழுவிய பின்னரே சொட்டு மருந்து இடவேண்டும். புட்டியின் நுனி கண்ணிலோ இமையிலோ படலாகாது. வலி, சிவப்பு, பார்வை மங்கல் தோன்றினால் அன்றே மருத்துவரை நாடவேண்டும்.

அரவிந்த் மருத்துவமனைகளில் நடைபெற்ற ஏறத்தாழ 6 இலட்சம் கண்புரை அறுவைகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. அறுவையின் முடிவில் கண்ணுக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செலுத்தியதால், உள்விழி அழற்சி 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 விழுக்காடாகக் குறைந்தது என அது காட்டியது.

பெருந்தொற்றுக் காலம்

2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் வெங்கடசாமி மறைந்தார். அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகள் ஆகும்முன், அவர் வகுத்த ஒழுங்கிற்குப் பெருஞ்சோதனை வந்தது. சீனத்தின் வூகான் நகரில் புதிய தொற்று குறித்துச் சக மருத்துவர்களை எச்சரித்த லீ வென்லியாங் ஒரு கண் மருத்துவர். அவரே அத்தொற்றுக்கு ஆளாகி 2020 பிப்ரவரியில் உயிர்துறந்தார். கண் மருத்துவர் நோயாளியின் மூச்சுக்காற்று படும் அண்மையில் அமர்ந்து பணிபுரிபவர் என்பதை உலகம் அப்போதுதான் கூர்ந்து நோக்கியது.

மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. உடனடித் தேவையற்ற அறுவைகள் தள்ளிவைக்கப்பட்டன. ஊர்தோறும் நடந்த கண் முகாம்கள் நின்றன. கண்புரை முற்றிய முதியோர் இருளிலேயே காத்திருக்க நேர்ந்தது. அறுவையைத் தள்ளினால் பார்வைக்குக் கேடு. கூட்டமாக வரவழைத்தால் உயிருக்குக் கேடு. இவ்விரண்டிற்கும் நடுவே வழி காண்பதே மருத்துவத்தின் கடமையாயிற்று.

கண் மருத்துவத்தைப் பாதுகாப்பாக நிகழ்த்துவதற்கான வழிகாட்டு நெறிகளை நடுவண் நலவாழ்வு அமைச்சகம் 2020ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. வாயிலில் உடல் வெப்பம் அறிதல், காய்ச்சலும் இருமலும் உள்ளோரைப் பிரித்தல், முகக்கவசம் அணிதல், இருக்கைகளுக்கு இடையே இடைவெளி விடுதல், உடன் வருவோரின் எண்ணிக்கையைக் குறைத்தல் ஆகியன நடைமுறையாயின. கண்ணைச் சோதிக்கும் கருவியில் மருத்துவர்க்கும் நோயாளிக்கும் இடையே ஒளிபுகும் தடுப்பு பொருத்தப்பெற்றது. ஒருவர் பயன்படுத்திய இடத்தைத் துடைத்துத் தூய்மை செய்த பின்னரே அடுத்தவர் அழைக்கப்பட்டார். இவற்றுள் பல, அறுவைக்கூடத்தினுள் என்றும் பின்பற்றப்பட்ட ஒழுங்கே. பெருந்தொற்று அவ்வொழுங்கை மருத்துவமனையின் வாயில்வரை கொண்டுவந்து நிறுத்தியது.

நால்வர் ஏந்தும் விளக்கு

மருத்துவத்திற்கு நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நான்கு உறுப்புகளை வகுத்தார் வள்ளுவர். ஒருநாள் அறுவையின் வெற்றியும் இந்நால்வகையாலேயே அமைகிறது. மருத்துவரின் கை எவ்வளவு தூயதாயினும், காய்ச்சலை மறைத்து வரும் நோயாளி தமக்கும் பிறர்க்கும் கேடு விளைவிப்பார். மருந்து எவ்வளவு சிறந்ததாயினும், கழுவாத கையால் அதனை இடும் உறவினர் அதன் பயனை அழிப்பார்.

திருகிய விரல்களைக் குறையாகக் கருதாமல், அவற்றைப் பழக்கியும் ஒழுங்குபடுத்தியும் இலட்சம் கண்களுக்கு ஒளி தந்தவர் வெங்கடசாமி. குறையற்ற விரல்களை உடைய நாம் அவற்றைத் தூயனவாக வைத்திருத்தல் அவர்க்குச் செய்யும் சிறு நன்றி. மதுரையின் மருத்துவமனை வாயிலில், பேத்தியின் தோளைப் பற்றி வந்த ஒரு முதியவர், கட்டு அவிழ்த்த மறுநாள் அவள் முகத்தைத் தாமே கண்டு நடந்து திரும்புகிறார். அக்காட்சிக்குப் பின்னே, கழுவப்பட்ட பல கைகள் உள்ளன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ கண் அறுவை செய்துகொண்ட முதியவர்க்கு நீங்கள் செய்யக்கூடிய உதவிகளைப் பட்டியலிடுக.
2. பாதுகாப்பான மருத்துவமே உண்மையான தொண்டு என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.