எல்லை கடந்த தமிழ்த் தூதர் தனிநாயகம் அடிகள்

பல நாட்டுப் புலமையாளரை ஒரு மொழியின்பால் ஈர்ப்பது அரிய செயல். நாடுகள் ஒன்றையொன்று ஐயுற்று நிற்கும் காலத்தில் அவ்வுறவைக் காப்பது அதனினும் அரியது. இவ்விரண்டையும் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார் ஆவார்.

யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் 1913 ஆகஸ்டு 2ஆம் நாள் பிறந்த அவர், உரோமையில் சமயக் கல்வி பயின்று 1938இல் குருத்துவம் ஏற்றார். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோதே தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்தார். தமிழின் பெருமையைத் தமிழர்க்கே தமிழில் கூறிக்கொண்டிருந்தால் உலகம் அறியாது என்பதை உணர்ந்து, 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்களிதழைத் தொடங்கினார். வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்ட புரோயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி (1679), அவர் முயற்சியால் 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாயிற்று.

1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர் மாநாடு கூடியபோது, வ.அய். சுப்பிரமணியம் முதலியோருடன் சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அடிகளார் நிறுவினார். அதன் அமைப்பு நோக்கத்தக்கது. தலைவர் பிரான்சின் ஃபிலியோசா. துணைத்தலைவர் வரிசையில் ஆக்ஸ்போர்டின் பர்ரோவும், அமெரிக்காவின் எமனோவும், ஆலந்தின் கைப்பரும், நம் தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரும், பொதுச்செயலர் இருவருள் ஒருவர் பொதுவுடைமை நாடான செக்கோசுலோவாக்கியாவின் கமில் சுவெலபில், மற்றவர் அடிகளார். பனிப்போர் உலகை இரு கூறாக்கியிருந்த நாளில், இரு கூற்றாரும் தொல்காப்பியத்தின் முன் ஒருங்கே அமர்ந்தனர். எந்த அரசுக்கும் உரிமையாகாத அமைப்பாக மன்றம் இருந்ததே அதற்குக் காரணம் எனலாம்.

எனினும் மாநாடு கூட்ட மண்டபமும் பொருளும் நுழைவிசைவும் வேண்டும். அவை அரசுகளின் கையில் உள்ளவை. மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியராய் இருந்த அடிகளார், இந்தோனேசியாவுடன் மலேசியா கொண்ட மோதல் முற்றும் தணியாத 1966 ஏப்ரலில், அந்நாட்டரசின் ஆதரவோடு முதல் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார். 1968இல் சென்னையும் 1970இல் பாரிசும் மாநாட்டை ஏற்றன. இடையே, 1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் பிராகு நகரில் நுழைந்தன. சுவெலபில் தாயகம் துறந்தார், தமிழாய்வைத் துறக்கவில்லை.

கடுஞ்சோதனை அடிகளாரின் பிறந்த மண்ணிலேயே நேர்ந்தது. நான்காம் மாநாட்டைக் கொழும்பில் நடத்துமாறு இலங்கை அரசு விரும்பியது. யாழ்ப்பாணமே தகும் எனச் சு. வித்தியானந்தன் முதலியோர் உறுதியாய் நின்றனர். தமிழகத்தார் சிலருக்கு நுழைவிசைவு மறுக்கப்பட்டது. ஆய்வரங்குகள் செவ்வனே முடிந்தபின், 1974 சனவரி 10ஆம் நாள் மாலை, காவல்துறையின் நடவடிக்கையைத் தொடர்ந்து மின்கம்பி அறுந்து வீழ்ந்து உயிர்கள் பலியாயின. அறிவுக்கென எழுப்பிய பந்தல் துயரப் பந்தலாயிற்று. 1980 செப்டம்பர் 1இல் அடிகளார் மறைந்தார். அடுத்த மாநாடு 1981 சனவரியில் மதுரையில் கூடியபோது அவர் இல்லை.

அயலரசை மட்டும் குறைகூறுதல் நமக்கு அழகன்று. 1995இல் தஞ்சை மாநாட்டிற்கு வந்த இலங்கைத் தமிழறிஞர் சிலர் திருப்பியனுப்பப்பட்டனர். 2010இல் நம் கோவைக்கு மன்றத்தின் மாநாட்டைக் கொணர அரசு விழைந்தபோது, ஆய்வுக்குக் காலம் போதாதென மன்றத் தலைவர் நொபொரு கராசிமா இசையவில்லை. அம்மறுப்பில் அடிகளார் வகுத்த நெறி உயிரோடிருந்தது. அரசு செம்மொழி மாநாடு என வேறு பெயரில் அவ்விழாவை எடுத்தது. தஞ்சையிலிருந்து திருப்பப்பட்டோருள் ஒருவரான கா. சிவத்தம்பி, சிங்காநல்லூருக்கு அணித்தேயுள்ள கொடிசியா வளாகத்தில் அவ்விழாவில் கலந்துகொண்டார்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம் சிறிது. ஆயினும் ஆட்சிகள் மாறினும் அறிஞர் வரும் வாயிலை அடையாது காக்கும் கடமை, பெரிய மன்றங்களைப் போன்றே நமக்கும் உரியது. அடிகளாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.