இருதய வடுவைக் கண்டவர்

ரத்தோட்டை மலைத்தோட்டத்திலிருந்து எம் வகுப்புக்கு வந்த மாணவி ஒருத்தி, சில படிகள் ஏறுமுன்னரே மூச்சிரைத்து நிற்பாள். கத்தி படாமல், குருதி சிந்தாமல், அவளது இருதயத்துள் இருந்த வடுவை எக்கோ என்னும் பரிசோதனை காட்டிற்று. இன்று அவள் மாதந்தோறும் ஊசி பெற்று, நோய் முற்றாமற் காக்கப்படுகின்றாள். இப்பரிசோதனைக்கு வித்திட்ட பெரியாரின் சரிதத்தைத் தமிழாசிரியனாகிய நான் தேடிக் கற்றமைக்கு இதுவே காரணம்.

அவர் பெயர் இங்கெ எட்லர். சுவீடன் தேசத்தின் தென்பகுதியில், பூர்லோவ் என்னுமிடத்தில் 1911 மார்ச் 17ஆந் திகதி பிறந்தார். லுண்ட் நகரில் வைத்தியம் பயின்றார். 1950ஆம் ஆண்டு முதல், அந்நகர் வைத்தியசாலையில், சத்திரசிகிச்சைக்குச் செல்வோரின் இருதய நிலையை முன்னரே ஆராய்ந்து கூறும் பொறுப்பை ஏற்றார்.

பொறுப்போ பெரிது, கருவியோ போதாது. சிறுவரைத் தொண்டை நோயின் பின் பற்றும் வாதக் காய்ச்சல், மூட்டுக்களை விட்டு நீங்கினும், பலரது இருதயத்தில் வடுவை விட்டே செல்லும். இடப்புற அறைகளுக்கிடையே கதவுபோலத் திறந்து மூடும் ஈரிதழ் வால்வு தடித்து ஒட்டிக்கொள்ளும். காலப்போக்கில் சுண்ணமும் படிந்து இறுகும். அக்காலச் சத்திரவைத்தியர் விரலை உட்செலுத்தி, ஒட்டிய இதழ்களைப் பிரித்தனர். ஆனால் வால்வு ஒடுங்காது ஒழுகுவதாயின், அதே சிகிச்சை தீங்காய் முடியும். எது ஒடுக்கம், எது ஒழுக்கு என்று வெளியிலிருந்து துணிவது எங்ஙனம்?

ரேடார்போல ஒரு வழி உண்டா என்று கார்ல் ஹெல்முத் ஹேர்ட்ஸ் என்னும் இளம் பௌதிகவியலாளரை எட்லர் வினவினார். உலோகத்தின் உள்வெடிப்பை அறியச் செவிக்கெட்டாத ஒலியைச் செலுத்தும் கருவியொன்றை ஹேர்ட்ஸ் அறிந்திருந்தார். மல்மோ நகர்க் கப்பல் கட்டுந் தளத்திலிருந்த கருவியை முதலிற் பரீட்சித்தனர். பின்னர் சீமென்ஸ் நிறுவனத்திடம் ஒன்றை இரவல் பெற்றனர். 1953 ஒக்டோபர் 29இல், துடிக்கும் இருதயத்தின் எதிரொலி அசைவு படமாகப் பதிவாயிற்று.

படம் கிடைத்தது, பொருள் கிடைக்கவில்லை. ஓர் அசைவைக் கண்ட எட்லர், அது இடது மேலறையின் சுவரினது என்றே முதலிற் கருதினார். ஆயினும் அக்கருத்தோடு அமைந்திலர். இறந்தோர் உடலில், ஒலி சென்ற அதே திசையிற் கூரிய ஊசியைச் செலுத்தி, அது எவ்வுறுப்பைத் தொடுகின்றதென அறுத்து நோக்கினார். தொட்டது சுவரன்று, ஈரிதழ் வால்வின் முன்னிதழே! அதன்பின் யாவும் விளங்கின. நலமுள்ள இதழ் விரைந்து அசையும். வடுப்பட்டது மெல்ல அசையும். சுண்ணம் படிந்ததோ அடர்ந்த எதிரொலி தரும்.

1960இல் ரோம் நகரில் நடந்த ஐரோப்பிய இருதயவியல் மாநாட்டில் இவற்றைத் திரைப்படமாகக் காட்டினார். 1977இல் எட்லரும் ஹேர்ட்ஸும் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசை ஒருங்கே பெற்றனர். தொண்ணூறு வயது நிறையப் பத்து நாட்களே இருக்க, 2001 மார்ச் 7இல் எட்லர் மறைந்தார்.

ஏட்டுச் சுவடி படிப்போர்க்கு இச்சரிதம் புதிதன்று. சிதைந்த எழுத்தொன்றைக் கண்டவுடன் பொருள் சொல்லிவிடுதல் எளிது. வேறொரு பிரதியோடு ஒப்பிட்டு, தம் கொள்கையையே ஐயுற்றுத் திருத்துதல் அரிது. எட்லர் அந்த அரிய பணியைச் செய்தார். அதனாலேயே அவர் கண்ட நிழல் உயிர் காக்கும் அறிவாயிற்று.