பட்டாணித் தோட்டத்து விஞ்ஞானி



மரபியலின் தந்தை யார்? கிரிகோர் மெண்டல்னு ஒரு மார்க் கேள்விக்கு எல்லாரும் எழுதிடுவோம். ஆனா அவரே பரீட்சையில் பெயில் ஆனவர் என்று தெரியுமா?

மெண்டல் 1822-ல், இன்றைய செக் நாட்டில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தார். அப்பா மேல் மரம் விழுந்து அடிபட்டதால் வீட்டில் ரொம்ப கஷ்டம். படிப்பு நின்று போகும் நிலைமை. அப்போது தங்கை தெரேசியா, தன் கல்யாணச் சீருக்கு இருந்த பங்கில் ஒரு பகுதியை அண்ணன் படிப்புக்குக் கொடுத்தார்.

மெண்டல் 1843-ல் பிர்னோ நகரத்து மடத்தில் சேர்ந்து துறவி ஆனார். ஆசிரியர் தகுதிப் பரீட்சையை 1850-ல் எழுதினார். தேறவில்லை. 1856-ல் மறுபடியும் போனார். அப்பவும் தேறல. ஆனா அவர் சோர்ந்து உட்காரவில்லை. அதே வருஷம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வைத்து ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

நெட்டைச் செடியின் மகரந்தத்தை எடுத்துக் குட்டைச் செடியின் பூவில் தடவினால் என்ன ஆகும்? நடுத்தரமா வளரும்னுதானே நினைப்போம்! ஆனால் முளைத்தது எல்லாமே நெட்டை. அப்போ குட்டை எங்கே போச்சு? அந்தச் செடிகளின் விதையை மறுபடி விதைத்தார். 1,064 செடிகளில் 787 நெட்டை, 277 குட்டை. அதாவது ஏறக்குறைய 3-க்கு 1.

குட்டைப் பண்பு அழியவில்லை, உள்ளே ஒளிஞ்சிருந்தது! ஒவ்வொரு பண்புக்கும் இரண்டு காரணிகள் உண்டு, பெற்றோர் இருவரும் ஆளுக்கு ஒன்று தருகிறார்கள் என்று மெண்டல் கண்டுபிடித்தார். வெளியே தெரிவது ஓங்கு பண்பு, மறைந்திருப்பது ஒடுங்கு பண்பு. காரணியைத்தான் இப்போ ஜீன் என்கிறோம்.

எட்டு வருஷத்தில் சுமார் 28,000 செடிகளை ஆராய்ந்தார். 1865-ல் பிர்னோவில் கட்டுரையாக வாசித்தார். 1866-ல் அச்சிலும் வந்தது. ஆனா அதன் அருமை யாருக்கும் புரியல. 1884-ல் மெண்டல் இறந்துவிட்டார். 1900-ல் மூன்று விஞ்ஞானிகள் தனித்தனியாக ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்த பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

தங்கை செய்த உதவியை மெண்டல் மறக்கவில்லை. அவருடைய மூன்று மகன்களின் படிப்புக்கும் உதவினார். அதில் இரண்டு பேர் டாக்டர் ஆனார்கள்.

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 31 மார்க் வாங்கி அழுதவள் நான். இதைப் படிச்சதும் கண்ணைத் துடைச்சிட்டு மறுபடி நோட்டை எடுத்தேன். நீங்களும் எடுங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி