கணக்கேடும் கருணையும்: இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வணிக வாழ்வு

தரமணியில் இரண்டு தையல் இயந்திரங்களை வைத்துச் சிறு கடை நடத்தும் அன்பர் ஒருவர், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் நம்மிடம் வந்து மஸ்அலா ஒன்று கேட்டார். அவருடைய கடையில் 11 ஆண்டுகள் உழைத்த தையல் தொழிலாளி திடீரென மௌத்தாகிவிட்டார். அவர் தைத்து முடித்த 12 நாள் வேலைக்குக் கூலி பாக்கி நிற்கிறது. ஆனால், மகளின் பள்ளிக் கட்டணத்திற்காக அவர் வாங்கிய முன்பணம் 20,000 ரூபாய். அது கூலியைவிடப் பெரிய தொகை. கூலியை முன்பணத்தில் கழித்துக்கொண்டு, மீதியை அவருடைய மனைவியிடம் கேட்கலாமா என்பதே கேள்வி.

கேட்டவர் கல்நெஞ்சர் அல்லர். கடை வாடகையும் துணி வாங்கிய கடனும் அவர் கழுத்தையும் நெரித்துக்கொண்டிருந்தன. ஆளில்லாத இயந்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்குவதாகவும் அவர் சொன்னார். மஸ்அலாவுக்கு விடை சுருக்கமானது. அதனை இறுதியில் தருவோம். அதற்கு முன், அவரைப் போலவே துணியோடும் கணக்கேட்டோடும் வாழ்ந்த ஒரு பெருமகனாரின் வரலாற்றை அவருக்குச் சொன்னோம். வாசக நேயர்களுக்கும் அதனையே இங்கே சொல்கிறோம்.

இமாமுல் அஃளம் அபூஹனீஃபா நுஃமான் இப்னு ஸாபித் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 80-ஆம் ஆண்டு (கி.பி. 699) இராக் நாட்டின் கூஃபா நகரில் பிறந்தார்கள். அரபு மண்ணில் வேரில்லாத, பாரசீக வழிவந்த வணிகக் குடும்பம் அவர்களுடையது. கஸ் எனப்படும் பட்டுக் கலப்புத் துணியை விற்பது அவர்களுடைய தொழில். கூஃபாவில் அம்ரு இப்னு ஹுரைஸ் (ரலி) அவர்களின் பெயரால் வழங்கிய மாளிகையில் அவர்களுடைய கடை இருந்தது. கடைத்தெருவுக்குப் போய்வந்துகொண்டிருந்த இளைஞரின் அறிவுக்கூர்மையைக் கண்ட இமாம் ஷஃபீ (ரஹ்) அவர்கள், அறிஞர்களின் அவைக்குச் செல்லுமாறு தூண்டினார்கள். அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. ஹம்மாத் இப்னு அபீ ஸுலைமான் (ரஹ்) அவர்களிடம் 18 ஆண்டுகள் பாடம் கேட்டார்கள். ஹிஜ்ரி 120-இல் ஆசிரியர் மறைந்தபோது, நாற்பது வயதில் அவருடைய இடத்தில் அமர்ந்தார்கள்.

ஆயினும் அவர்கள் கடையை மூடிவிடவில்லை. அரசரின் அன்பளிப்புக்குக் கையேந்தாமல் வாழ அந்தக் கடையே அவர்களுக்குத் துணை நின்றது. ஆண்டுதோறும் சேர்ந்த இலாபத்திலிருந்து ஆலிம்களுக்கு உணவும் உடையும் வாங்கித் தருவார்கள். மிஞ்சிய பொற்காசுகளையும் அவர்களிடமே கொடுத்துவிடுவார்கள். நன்றியை அல்லாஹ்வுக்கே செலுத்துமாறு சொல்லி, தமக்குரிய புகழைத் தவிர்த்துவிடுவார்கள்.

அவர்களுடைய கடைக்கு ஒரு பெண்மணி பட்டாடை ஒன்றை விற்க வந்தார். நூறு திர்ஹம் கேட்டார். அது அதைவிட உயர்ந்த சரக்கென்று இமாமவர்கள் எடுத்துச் சொல்ல, அம்மையார் நூறு நூறாக உயர்த்தி நானூறு வரை வந்தார். அதற்கும் மேல் பெறுமென்று கேட்டபோது, தம்மைக் கேலி செய்வதாகவே அவர் எண்ணிவிட்டார். விலை மதிக்கத் தெரிந்த வேறொருவரை வரவழைத்து, இறுதியில் ஐநூறு திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். விற்பவரின் அறியாமையை இலாபமாக்கிக்கொள்ள அவர்கள் மனம் ஒப்பவில்லை.

ஹஃப்ஸ் இப்னு அப்திர் ரஹ்மான் என்பார் அவர்களுடைய கூட்டாளி. சரக்கைக் கொடுத்தனுப்பும்போது, இன்ன துணியில் குறையொன்று உண்டு, அதைக் காட்டி விற்கவேண்டும் என்று இமாமவர்கள் சொல்லியனுப்பினார்கள். ஹஃப்ஸ் மறந்துவிட்டார். விற்றுமுடித்துத் திரும்பியபின், வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. செய்தியறிந்த இமாமவர்கள் அந்தச் சரக்கின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். அத்தோடு கூட்டும் பிரிந்ததென்று சில நூல்களில் உண்டு. கூட்டாளியின் மறதிக்குத் தாம் பொறுப்பல்லவென்று அவர்கள் ஒதுங்கிக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் இந்த ஹஃப்ஸ் அவர்கள் நைஸாபூரில் காழியாக விளங்கினார்கள்.

கொடுத்த கடனைப் பற்றி அவர்கள் எவ்வளவு அஞ்சினார்கள் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும். ஒருநாள் சுட்டெரிக்கும் வெயிலில் ஒரு வீட்டு வாசலருகே அமர்ந்திருந்தார்கள். அருகிலேயே சுவரின் நிழல் இருந்தும் அதில் ஒதுங்கவில்லை. காரணம் கேட்டபோது, அந்த வீட்டுக்காரர் தமக்குக் கடன்பட்டவர் என்பது தெரியவந்தது. கடன் கொடுத்தவர் அந்தச் சுவரின் நிழலை அனுபவிப்பதுகூட வட்டியின் சாயலாகிவிடுமோ என்ற பேணுதலே அவர்களை வெயிலில் அமர்த்தியது.

மற்றொரு நாள், நோயாளி ஒருவரை நலம் விசாரிக்கச் சென்றுகொண்டிருந்தார்கள். எதிரே வந்த ஒருவர் இமாமவர்களைக் கண்டதும் முகத்தை மறைத்துக்கொண்டு வேறு வழியில் திரும்பினார். அவர்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள். பத்தாயிரம் திர்ஹம் கடன் பாக்கி. தவணை கடந்து நாளாகியும் தர வழியில்லாத வெட்கமே அவரை ஒளியச் செய்திருந்தது. அந்த இடத்திலேயே முழுத் தொகையையும் அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. தம்மைக் கண்டு அவர் மனத்தில் எழுந்த அச்சத்திற்காக அவரிடமே மன்னிப்பும் கேட்டார்கள். கடன் கொடுத்தவர், கடன்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்ட காட்சி அது!

இத்தகைய இரக்கம் எங்கிருந்து பிறக்கிறது? அருகிலிருந்த ஒருவர் காணாமற்போனால் அதனைக் கவனிக்கும் நெஞ்சிலிருந்தே பிறக்கிறது. இமாமவர்களின் அண்டை வீட்டில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் இருந்தார். பகலெல்லாம் உழைப்பார், இரவில் குடித்துவிட்டு உரத்துப் பாடுவார். இரவுத் தொழுகையில் நின்ற இமாமவர்களின் செவியில் அந்தப் பாட்டு நாள்தோறும் விழும். ஓரிரவு அந்தக் குரல் கேட்கவில்லை. தொல்லை ஒழிந்ததென்று நிம்மதி கொள்ளாமல், அவருக்கு என்னவாயிற்றென்று விசாரித்தார்கள். காவலர் பிடித்துச் சென்றதாகத் தெரிந்ததும், ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் ஆளுநரிடம் நேரில் சென்று பரிந்து பேசி மீட்டு வந்தார்கள். அந்த அன்பு அத்தொழிலாளியின் உள்ளத்தை மாற்றியது. அவர் தௌபா செய்து திருந்தினார்.

அவர்களுடைய பாடசபையில் யஅகூப் என்றோர் ஏழை மாணவர் இருந்தார். தந்தையை இழந்த அவரைத் தாயார் ஒரு சலவைத் தொழிலாளியிடம் வேலைக்கு விட்டிருந்ததாக ஒரு வரலாறு உண்டு. வேலையை விட்டுப் பாடத்திற்கு வருவதும், வயிற்றுப்பாட்டுக்காகப் பாடத்தை விட்டு நிற்பதுமாக அவர் அல்லாடினார். வராத நாளை இமாமவர்கள் கவனித்தார்கள், வறுமையை அறிந்தார்கள். நூறு திர்ஹம் கொண்ட பையைக் கொடுத்தார்கள். அது தீர்ந்ததென்று சொல்லும் நிலையை மாணவருக்கு வைக்காமல், கேளாமலேயே மீண்டும் மீண்டும் கொடுத்தார்கள். அந்த ஏழைப் பிள்ளைதான், ஹாரூன் ரஷீத் காலத்தில் பேரரசின் தலைமைக் காழியாகத் திகழ்ந்த இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள்.

காழிப் பதவியை ஏற்குமாறு கலீஃபா மன்ஸூர் வற்புறுத்தியபோது இமாமவர்கள் மறுத்தார்கள். அதனால் சிறை சென்றார்கள். ஹிஜ்ரி 150-இல் (கி.பி. 767) பாக்தாதில் அவர்களுடைய உயிர் பிரிந்தது. அவர்கள் அடங்கியிருக்கும் பகுதி இன்று அவர்களுடைய சிறப்புப் பெயராலேயே அஃளமிய்யா என்று வழங்குகிறது.

இனி, தரமணி அன்பரின் மஸ்அலாவுக்கு வருவோம். செய்து முடித்த வேலைக்கான கூலி, தொழிலாளி மறைந்தாலும் மறையாது; அது வாரிசுகளின் சொத்தாகிவிடும். மனைவி மட்டும் வேண்டாமென்று விட்டுக்கொடுத்தால் போதாது. சிறு பிள்ளைகளின் பங்கை விட்டுக்கொடுக்கும் உரிமை அவருக்கில்லை. முன்பணமோ மையித்தின் மீதுள்ள கடன். ஜனாஸாச் செலவு போக, அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து தீர்க்கப்படவேண்டியது. எனவே கூலியைக் கழித்துக்கொள்வதும், சொத்து இருக்குமாயின் மீதியைக் கோருவதும் ஷரீஅத்தில் ஆகுமானதே. சொத்து ஏதும் இல்லையெனில், விதவை தம் கைப்பணத்திலிருந்து கட்டவேண்டிய கடமையில்லை. இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். கடனைத் தள்ளிவிட்டு அதையே ஜகாத்தாக எழுதிக்கொண்டால், ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் ஜகாத் நிறைவேறாது.

இது உரிமையின் அளவு. உரிமைக்கு மேலே ஒரு படி உண்டு. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும், விட்டுக்கொடுப்பதே மேலானதென்று அறியவும் திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 280-ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. அவகாசம் கொடுக்கப் பெருஞ்செல்வம் தேவையில்லை. முழுவதையும் விட முடியாதவர் பாதியை விடலாம். பாதியும் இயலாதவர், இத்தாவில் இருக்கும் பெண்ணின் முன் கணக்கேட்டை விரிக்காமலாவது இருக்கலாம். கடனைப் பற்றிக் கேட்பதற்கு முன், அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்கலாம். இதற்கு எந்தக் கடைக்காரரும் ஏழையல்லர்.

அன்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, 12 நாள் கூலியைக் கழிக்காமல் அந்த வீட்டில் சேர்ப்பித்துவிடுவதாகவும், முன்பணத்தைப் பற்றித் தாமாக எதுவும் கேட்கப்போவதில்லையென்றும் சொல்லிவிட்டுக் கடை திறக்கப் புறப்பட்டார்.

நம் கடைகளில் நமக்காக உழைத்து மறைந்தவர்களின் பிழைகளை அல்லாஹ் பொறுத்தருள்வானாக! அவர்களுடைய பிள்ளைகள் நம்மைக் கண்டு முகம் மறைத்து ஒதுங்காத வண்ணம் நம் கொடுக்கல் வாங்கலை ஆக்கியருள்வானாக! ஆமீன்.